துலிப் மலரின் கோடுகளைப் படித்தவர்

எங்கள் புளோக்கின் ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் பாட்டி வளர்க்கும் ஆர்க்கிட் தொட்டிகள் மொத்தம் பதினொன்று. சென்ற ஆண்டு அவற்றில் ஒரு கட்லேயா செடி வழக்கத்துக்கு மாறாகப் பூத்தது. எப்போதும் ஒரே சீரான ஊதா நிறத்தில் பூக்கும் செடி அது. அந்த முறை இதழ்களில் வெளிறிய தீற்றல்கள் ஓடியிருந்தன, யாரோ தூரிகையால் இழுத்துவிட்டதைப் போல. பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியை அழைத்துக் காட்டினார். ஜோகூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னார். இருவருமே தங்களுக்கும் ஒரு கிளை வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்தப் பருவத்தில் தாவர நோய்கள் பற்றி ஒரு பாடம் எடுத்திருந்தேன். ஆய்வுக்கூடப் பயிற்சிக்காக ஆளுக்கோர் இலை கொண்டுவரச் சொன்னார்கள். நான் பாட்டியின் கட்லேயாவிலிருந்து ஓர் இலைத் துண்டை எடுத்துப் போனேன். அதை ஒரு திரவத்தில் நசுக்கி, கொவிட் காலத்தில் நாம் எல்லாரும் பழகிய ஏஆர்டி கருவியைப் போன்ற ஒரு பட்டையை அதில் நிறுத்தினேன். சில நிமிடங்களில் இரண்டு கோடுகள் தோன்றின. ஒடொண்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ் என்பது அதன் பெயர். ஆர்க்கிட் செடிகளை உலகெங்கும் பிடித்திருக்கும் வைரஸ்களில் ஒன்று. பாட்டி ஊரைக் கூட்டிக் காட்டிய அந்தத் தீற்றல்கள் நோயின் அடையாளங்கள்.

அந்த வகுப்பில் விரிவுரையாளர் போகிறபோக்கில் ஒரு பெயரைச் சொன்னார்: கரோலஸ் குளூசியஸ். பூவில் தோன்றும் இத்தகைய கோடுகளைப் பற்றி 1576-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர் என்றார். வைரஸ் என்ற ஒன்று உண்டு என்று யாருக்கும் தெரியாத காலம் அது. பாட்டியிடம் செய்தியை எப்படிச் சொல்வது என்று புரியாமல் தவித்த நான், அதைத் தள்ளிப்போட ஒரு சாக்காகத்தான் குளூசியஸைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது அந்தச் சாக்கு என்னிடம் இல்லை.

சட்டம் படிக்கப் போனவர்

குளூசியஸ் 1526-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி ஆராஸ் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று பிரான்சின் வடபகுதியில் இருக்கிறது. வீட்டில் வைத்த பெயர் ஷார்ல் டி லெக்லூஸ். அக்கால அறிஞர்களின் வழக்கப்படி அதை லத்தீனாக்கிக் குளூசியஸ் என்று வைத்துக்கொண்டார்.

அவர் முதலில் படித்தது சட்டம். லூவன் நகரில் படித்துப் பட்டமும் பெற்றார். பிறகு ஜெர்மனிக்குப் போனார். அங்கே விட்டன்பர்க் நகரில் மெலாங்தன் என்ற பேரறிஞரின் பழக்கம் கிடைத்தது. அதன்பின் சட்டத்திலிருந்து அவருடைய மனம் மெல்ல விலகியது. 1551-இல் பிரான்சின் தென்கோடியில் உள்ள மொன்பெலியே நகருக்குப் போய்ச் சேர்ந்தார். மருத்துவத்துக்குப் பெயர்போன ஊர் அது. அங்கே ரொந்தலே என்ற பேராசிரியரின் வீட்டிலேயே தங்கி, அவர் மீன்களைப் பற்றி எழுதிய பெரிய நூலுக்கு உதவினார். செடிகொடிகளைத் தேடி வெளியே அலையும் பழக்கமும் அங்கேதான் வேரூன்றியது.

நம்மில் பலருக்கு இது பழக்கமான கதைதான். எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று தொடக்கக்கல்லூரியில் தொடங்கும் குழப்பம் பல்கலைக்கழகத்திலும் தொடர்கிறது. குளூசியஸ் தாம் எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று தெரிந்து கிளம்பியவராகத் தெரியவில்லை. மொழிகள் அவருக்கு நன்றாக வந்தன, கண் கூர்மையாக இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் வேலை செய்தார்.

மொழி அறிவுதான் முதலில் கைகொடுத்தது. டோடுன்ஸ் என்பவர் எழுதிய புகழ்பெற்ற மூலிகை நூலை 1557-இல் பிரெஞ்சு மொழியில் கொண்டுவந்தார். 1564-இல், ஃபுக்கர் என்ற பெருஞ்செல்வர் குடும்பத்து இளைஞர் ஒருவருக்குத் துணையாக ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பயணம் போனார். வழியெல்லாம் செடிகளைச் சேகரித்தார். லிஸ்பன் நகரில் ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. இந்தியாவின் கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா எழுதி, 1563-இல் கோவாவிலேயே அச்சான நூல் அது. மிளகு, இஞ்சி, ஏலம், கற்பூரம் என்று நம் அஞ்சறைப் பெட்டியும் பூசையறையும் அதற்குள் இருந்தன. மலாக்காவின் டுரியான் பழத்துக்கும் அதில் இடம் உண்டு. குளூசியஸ் அதைச் சுருக்கி, லத்தீனில் எழுதி, 1567-இல் வெளியிட்டார். ஆசியாவின் செடிகளைப் பற்றி ஐரோப்பாவில் பலர் படித்தறிந்தது அந்த லத்தீன் நூலின் வழியாகத்தான்.

வெங்காயம் என்று நினைத்தார்கள்

துலிப் என்றதும் நமக்கு நெதர்லாந்து நினைவுக்கு வருகிறது. கரையோரப் பூந்தோட்டத்தின் துலிப் கண்காட்சியில் காற்றாலை பொம்மையோடு படம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் துலிப் அந்த நாட்டுப் பூ இல்லை. மத்திய ஆசிய மலைகளில் காட்டுப் பூவாக இருந்து, துருக்கிய சுல்தான்களின் தோட்டங்களில் செல்லப்பிள்ளையாக வளர்ந்து, பதினாறாம் நூற்றாண்டின் நடுவில்தான் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தது.

வந்த கதையை குளூசியஸே எழுதி வைத்திருக்கிறார். 1562 வாக்கில் இஸ்தான்புல்லிலிருந்து ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு வந்த துணிச் சரக்கோடு சில துலிப் கிழங்குகளும் வந்தன. அவற்றைப் பெற்ற வணிகர் ஏதோ ஒரு வகை வெங்காயம் என்று நினைத்தார். சிலவற்றைச் சுட்டு, எண்ணெயும் வினிகரும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார். மீதியைக் கோசுச் செடிகளுக்கு நடுவே தோட்டத்தில் புதைத்தார். கவனிப்பாரில்லாமல் பல கிழங்குகள் அழிந்தன. தப்பியவற்றை மெஹலன் நகரத்துத் தோட்டப்பிரியர் ஒருவர் எடுத்துப்போய்க் காப்பாற்றினார்.

குளூசியஸும் துலிப் கிழங்கைச் சுவை பார்த்தவர்தான். பிராங்பர்ட்டில் ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத் தின்று பார்த்தார். அக்காலத்தில் ஆர்க்கிட் கிழங்கையும் அப்படித் தின்பார்களாம். இரண்டையும் ஒப்பிட்டுத் துலிப்தான் மேல் என்று எழுதினார். எதையும் பார்த்து, தொட்டு, முடிந்தால் தின்றும் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார் போலிருக்கிறது.

1573-இல் பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியன் அவரை வியன்னாவுக்கு அழைத்தார். அரண்மனை மூலிகைத் தோட்டத்தை அமைக்கும் பொறுப்பு. துருக்கிக்குத் தூதராகப் போய்வந்த பஸ்பெக் என்பவர் துலிப் விதைகளையும் கிழங்குகளையும் அவரிடம் கொடுத்தார். விதையிலிருந்து துலிப் வளர்ப்பது பொறுமைசாலிகளின் வேலை. முதல் பூவைப் பார்க்கவே ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். கிழங்கிலிருந்து வளர்த்தால் அடுத்த வசந்தத்தில் பூத்துவிடும். குளூசியஸ் இரண்டையும் நட்டார். ஒவ்வொரு செடியையும் ஆண்டுதோறும் பார்த்துக் குறித்துக்கொண்டார். சீக்கிரம் பூப்பவை, தாமதமாகப் பூப்பவை, இரண்டுக்கும் இடைப்பட்டவை என்று மூன்றாகப் பிரித்தார்.

வியன்னாவில் அவருக்கு எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவில்லை. 1576-இல் மாக்சிமிலியன் இறந்தார். அடுத்து வந்த பேரரசரின் ஆட்சியில் குளூசியஸின் வேலை போனது. அவர் கத்தோலிக்கர் அல்லர், புராட்டஸ்டண்டு சமயத்தவர். அரண்மனையின் ஆதரவு போனபின்னும் ஆஸ்திரிய, ஹங்கேரிய மலைகளில் ஏறிச் செடிகளைத் தேடினார். அந்த உழைப்பு 1583-இல் ஒரு நூலாக வந்தது. 1588-இல் இரண்டு உருளைக்கிழங்குகள் அன்பளிப்பாக அவர் கைக்கு வந்தன. ஐரோப்பாவுக்கு அப்போது அது புதுச் செடி. அதையும் வளர்த்து, நண்பர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்.

அழகாக மாறிய பூ ஏன் சாகிறது?

1576-இல் ஸ்பெயின் நாட்டுச் செடிகளைப் பற்றி குளூசியஸ் எழுதிய நூல் வெளிவந்தது. அதன் பின்னிணைப்பில் துலிப் மலருக்கு இடம் கொடுத்தார். அதிலும் அதன்பின் எழுதியவற்றிலும் அவர் பதிவு செய்த ஒரு விஷயம்தான் என் கதைக்கு முக்கியம்.

சில துலிப் செடிகள் ஓர் ஆண்டு ஒரே நிறத்தில் பூக்கும். அடுத்த ஆண்டு அதே கிழங்கிலிருந்து வரும் பூவில் வெள்ளையோ மஞ்சளோ ஊடுருவி, தீச்சுவாலை போலவும் இறகு போலவும் கோடுகள் தோன்றியிருக்கும். இதைத் தோட்டக்காரர்கள் பூ உடைந்துவிட்டது என்று சொன்னார்கள். நிறம் உடைந்துவிட்டது என்பது பொருள். எந்தக் கிழங்கு உடையும், எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உடைந்த பூவுக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது.

எல்லாரும் கோடுகளைப் பார்த்து வியந்து அதோடு நிறுத்திக்கொண்டார்கள். குளூசியஸ் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே செடியைப் பார்த்தார். உடைந்த செடியின் கிழங்கு முன்பைவிடச் சிறுத்துப்போவதைக் கண்டார். செடி வலுவிழந்து, கடைசியில் அழிவதைக் கண்டார். இப்படி நிறம் மாறிய துலிப் பெரும்பாலும் கெட்டுப்போகிறது என்றும், சாகும் முன் தன்னை வளர்த்தவரின் கண்ணுக்கு விருந்து வைத்து விடைபெறுவது போல இருக்கிறது என்றும் எழுதினார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. அவருக்கு நுண்ணோக்கி இல்லை. கிருமிகளால் நோய் வருகிறது என்ற கருத்தே அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. ஆனால் இன்று ஒரு தாவர நோயியல் மாணவர் செய்ய வேண்டிய முதல் வேலையை அவர் செய்துவிட்டார். எது இயல்பு, எது மாற்றம், மாற்றத்துக்குப் பின் செடிக்கு என்ன ஆகிறது என்று வரிசைப்படுத்தி எழுதினார். காரணம் தெரியாத இடத்தில் காரணம் கற்பிக்க முயலவில்லை. தாம் மிகவும் விரும்பிய பூவைப் பற்றிய கசப்பான உண்மையை மறைக்கவும் இல்லை.

ஊன்றுகோலோடு வந்த தோட்டக்காரர்

1593-இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் தன் புதிய தோட்டத்தை அமைக்க குளூசியஸை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 67. இடுப்பு மூட்டில் பட்ட அடியால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாத நிலை. மண்ணைக் கிளறி நடும் வேலையை டெல்ஃப்ட் நகரத்து மருந்தாளர் டிர்க் கிளைட் கவனித்துக்கொண்டார். தோட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 35 மீட்டருக்கு 40 மீட்டர்தான். ஒரு பள்ளித் திடலைவிடச் சிறியது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் செடிகளை 1594-இல் நட்டு முடித்தார்கள். அந்த வசந்தத்தில் அங்கே துலிப் பூத்தது. நெதர்லாந்தின் துலிப் வரலாற்றைச் சொல்பவர்கள் இன்றும் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

குளூசியஸ் துலிப் கிழங்குகளை விற்றுப் பணம் பார்க்க விரும்பியவர் அல்லர். பிடித்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார். நோர்வேயிலிருந்து இத்தாலி வரை அவருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அவரோடு தொடர்புடைய 1,500-ஐ ஒட்டிய கடிதங்கள் லைடனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. கடிதத்தோடு விதையும் கிழங்கும் பயணம் போயின. பதிலுக்கு அங்கிருந்தும் வந்தன. திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அந்தக் கடித நண்பர்கள்தான் உறவு.

ஆனால் பணம் கொடுத்து வாங்க நினைத்தவர்களுக்கு அவர் எளிதில் மசியவில்லை. விளைவு, திருட்டு. ஒருமுறை அல்ல, பலமுறை அவர் தோட்டத்தில் புகுந்து துலிப் கிழங்குகளைத் தோண்டிக்கொண்டு போனார்கள். முதுமையில் இது அவரை மிகவும் நோகடித்தது. தோட்டக்கலையையே விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு மனம் வெறுத்தார். திருடியவர்களும் அவற்றை வளர்த்துப் பெருக்கி விற்றிருக்க வேண்டும். கொடையாலும் களவாலும் நாடு முழுவதும் துலிப் பரவியது.

1601-இல் தம் வாழ்நாள் உழைப்பைத் திரட்டி அரிய செடிகளின் வரலாறு என்ற பெருநூலை வெளியிட்டார். 1605-இல் வெளிநாட்டு உயிரினங்களைப் பற்றி இன்னொரு நூல். 1609-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, 83-ஆம் வயதில், லைடனில் காலமானார். முதல் துலிப் மலர்கள் மொட்டுவிடும் பருவம் அது.

352 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை

அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்குள் அந்தப் பூ ஒரு நாட்டையே ஆட்டிவைத்தது. பொருளியல் பாடத்தில் நீங்கள் படித்திருக்கக்கூடிய துலிப் மோகம் அதுதான். எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது செம்பர் அகஸ்டஸ் என்ற வகை. வெள்ளை இதழில் இரத்தச் சிவப்புச் சுவாலைகள் ஓடும். 1637-இல் அதன் ஒரு கிழங்குக்குச் சொல்லப்பட்ட விலை 10,000 கில்டர். ஆம்ஸ்டர்டாம் கால்வாயோரத்தில் ஒரு பெரிய வீட்டையே அந்தப் பணத்தில் வாங்கியிருக்கலாம். அதே ஆண்டு பிப்ரவரியில் சந்தை சரிந்தது.

பூவை எப்படியாவது உடைக்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் என்னென்னவோ செய்தார்கள். மண்ணில் சாயப்பொடியைத் தூவினார்கள். புறா எச்சத்தை உரமாகப் போட்டார்கள். பழைய சுவரின் சுண்ணாம்புக் காரையைக் கலந்தார்கள். உடைந்த கிழங்கின் பாதியையும் உடையாத கிழங்கின் பாதியையும் சேர்த்துக் கட்டி நட்டார்கள். கடைசி வழி சில நேரம் பலித்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

வைரஸ் என்ற கருத்து பிறந்ததும் ஒரு செடியிலிருந்துதான். புகையிலை இலையில் திட்டுத்திட்டாகத் தோன்றும் நோயை ஆராய்ந்த ரஷ்யர் இவனோவ்ஸ்கி, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியையும் அந்த நோய்ப்பொருள் கடந்துவிடுவதை 1892-இல் கண்டார். 1898-இல் டெல்ஃப்ட் நகரில் பெய்ஜரிங்க் என்ற அறிஞர், இது பாக்டீரியா அல்ல, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் வேறொரு பொருள் என்று காட்டினார். குளூசியஸுக்குத் தோட்டம் போட உதவிய கிளைட்டின் ஊரும் டெல்ஃப்ட்தான் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

துலிப் மலரின் மர்மத்தை அவிழ்த்தவர் டோரதி கேலி என்ற பெண்மணி. இலங்கையில் பிறந்தவர். தந்தை அங்கே தலைமை நீதிபதியாக இருந்தவர். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் பூஞ்சை ஆய்வாளராகப் பணியாற்றினார். உடைந்த துலிப் கிழங்கின் திசுவை எடுத்து, உடையாத கிழங்கில் பொருத்தி நட்டார். பழைய டச்சுத் தோட்டக்காரர்களின் தந்திரம்தான், ஆனால் இப்போது ஒப்பீட்டுச் செடிகளோடும் முறையான கணக்கோடும் நடந்தது. நலமாக இருந்த செடிகளிலும் நிறம் உடைந்தது. ஒட்டவைத்த திசுவோடு ஏதோ ஒன்று கடந்து போகிறது, அது வைரஸ் வகை நோய் என்ற முடிவை 1928-இல் வெளியிட்டார். குளூசியஸின் குறிப்புக்கும் இந்த விடைக்கும் இடையே 352 ஆண்டுகள்.

அதன்பின் மற்ற துண்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வைரஸைச் செடிவிட்டுச் செடி சுமந்து செல்வது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. துலிப் இதழின் அடிநிறம் வெள்ளை அல்லது மஞ்சள். அதன்மேல் அந்தோசயனின் என்ற நிறமி போர்வை போலப் படிந்திருக்கிறது. நமது கத்தரிக்காய்த் தோலுக்கு ஊதா தருவதும் அதே வகை நிறமிதான். வைரஸ் அந்த நிறமி உருவாவதை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடுக்கிறது. தடுத்த இடத்தில் அடிநிறம் எட்டிப் பார்க்கிறது. அதைத்தான் சுவாலை என்கிறோம். செடியின் வலுவையும் வைரஸ் தின்றுவிடுவதால் கிழங்கு ஆண்டுக்காண்டு சிறுக்கிறது. அதன் பக்கத்தில் முளைக்கும் குட்டிக் கிழங்குகளுக்கும் நோய் போகிறது. ஆனால் விதைக்குள் போவதில்லை. விதையிலிருந்து வளர்த்த செடிகள் முதலில் நலமாக இருந்து, பிறகு திடீரென உடைந்ததன் காரணம் இதுதான்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் அந்த வைரஸைக் கண்ணாலும் பார்த்தார்கள். நெளியும் நூலிழை போன்ற உருவம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1990-களில் மரபணு வரிசையைப் படித்தபோது இன்னொரு வியப்பு காத்திருந்தது. துலிப் பூவை உடைப்பது ஒரே வைரஸ் அல்ல, நெருங்கியும் விலகியும் உறவுள்ள பல வைரஸ்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் அறிகுறிகளுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருந்தன. நோயைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அது எந்த வைரஸ் என்று பிரித்து அடையாளம் காண்பது இன்னொரு வேலை என்று எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொல்வதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

செம்பர் அகஸ்டஸ் இன்று உலகில் இல்லை. கடைகளில் கோடுபோட்ட துலிப் கிடைக்கிறது. அது நோயில்லாமல், மரபுவழியாக உருவாக்கப்பட்ட வகை. உண்மையாக உடைந்த பழைய வகைகள் சில மட்டும், மற்றச் செடிகளுக்குத் தொற்றாத ஏற்பாடுகளோடு பாதுகாக்கப்படுகின்றன. 1620-ஆம் ஆண்டிலிருந்து வரும் சோமர்ஸ்கோன் அவற்றில் ஒன்று.

மீண்டும் எங்கள் தாழ்வாரம்

குளூசியஸைப் பற்றிப் படித்ததில் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் நண்பர்களுக்கு அன்போடு அனுப்பிய கிழங்குகளில் எத்தனை நோய் தாங்கியவையாக இருந்திருக்கும்? அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தெரியாமல் கொடுத்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரியும். பாட்டி அந்த வாரக் கடைசியில் கட்லேயாவைப் பிரித்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் பெரியம்மாவுக்கும் கொடுக்க இரண்டு தொட்டிகள் வாங்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை, அவர் கத்தரிக்கோலை எடுத்தபோது சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் துலிப் கதையைச் சொன்னேன். பாட்டி முக்காலியில் உட்கார்ந்து கேட்டார். வெங்காயம் என்று நினைத்துச் சுட்டுத் தின்ற இடத்தில் சிரித்தார். பூ விடைபெறும் இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. கதை எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சற்று நேரம் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மருந்து ஏதும் உண்டா என்று மட்டும் கேட்டார். வைரஸ் பிடித்த செடிக்கு மருந்து கிடையாது என்றேன்.

ஆர்க்கிட் செடியின் இந்த வைரஸுக்கு அசுவினி தேவையில்லை. நோயுள்ள செடியை வெட்டிய கத்தி அடுத்த செடியைத் தொட்டாலே போதும், ஒட்டியிருக்கும் சாற்றின் வழியாகப் பரவிவிடும். பாட்டி பதினொரு தொட்டிகளுக்கும் ஒரே கத்தரிக்கோலைத்தான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார். விரிவுரையாளரிடம் கேட்டு மற்ற பத்துச் செடிகளையும் சோதித்தேன். இன்னும் மூன்றில் இரண்டு கோடுகள் தெரிந்தன. அந்த மூன்றும் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாதவை.

மூன்றையும் பாட்டியே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட்டார். கட்லேயாவை மட்டும், இருக்கிற பூ உதிரும்வரை சமையலறைச் சன்னலோரத்தில் தனியாக வைக்கக் கேட்டார். நானும் சரி என்றேன். அது உதிர்ந்த மறுநாள் அந்தச் செடியும் போனது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்ற, சோதித்துப் பார்த்த ஒரு செடியிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தார்.

இப்போது பாட்டி ஒவ்வொரு செடியை வெட்டிய பிறகும் கத்தரிக்கோலைக் கேஸ் அடுப்புத் தீயில் காட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார். சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில், எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, நிறம் எப்படி இருந்தது என்று பென்சிலால் குறித்து வைக்கிறார். லைடனில் ஊன்றுகோலோடு நடந்த அந்த முதியவரும் இப்படித்தான் குறித்து வைத்திருப்பார் என்று, அந்த நாட்காட்டியைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.